தோட்டத்து ரோட்டு வேலையில நடுவுல வந்த மூணு மாற்றம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது சில வருஷத்துக்கு முன்னாடி ஹிலிர் பேராக்ல, தெலுக் இந்தானுக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டப் பட்டணத்துல நடந்தது. சின்ன கான்ட்ராக்டர்களுக்கு அளவு எடுத்து கிளைம் தயார் பண்ணி கொடுக்கிறது என் தொழில், இதுல பாதி வேலை ஓடின பிறகுதான் என்னை கூப்பிட்டாங்க. சம்பந்தப்பட்ட யார் பேரும், எந்த ஆபீஸ் பேரும் இங்க வராது. நம்ம ஆளுங்க நெறைய பேரு லோரி, மிஷின் வெச்சுக்கிட்டு சப் வேலைக்கு போறாங்க, அவங்களுக்காகத்தான் இத முழுசா எழுதுறேன்.

பின்னணி

மெயின் ரோட்டுலேர்ந்து செம்பனைத் தோட்டத்துக்குள்ள போயி, பழைய லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை), கோயில், அதுக்கு அந்தப்பக்கம் ஒரு கம்போங் வரைக்கும் போற செம்மண் ரோடு, சுமாரா 3 கிலோமீட்டர். மழை பேஞ்சா ஸ்கூல் வேன் உள்ள வராது, புள்ளைங்கள மோட்டார்ல உக்கார வெச்சு வெளிய கொண்டாந்து விடணும். அத அகலப்படுத்தி, கிரஷர் ரன் (ஒடச்ச கல்லும் தூளும்) போட்டு, மேல பிரீமிக்ஸ் (தார் கலவை) போட்டு கொடுக்கிறதுதான் திட்டம். அரசாங்க வேலை, பி.டபிள்யூ.டி. 203ஏ ஃபார்ம், அதாவது பி.கியூ. (ஒவ்வொரு வேலைக்கும் அளவும் ரேட்டும் போட்ட பட்டியல்) வெச்ச கான்ட்ராக்ட். காலம் 36 வாரம், மார்ச்ல சைட் கொடுத்தாங்க, நவம்பர் நடுவுல முடிக்கணும். மதிப்பு 24 லட்சம் வெள்ளிக்கு பக்கம், அதனால எடுத்தது ஒரு ஜி4 கம்பெனி (கான்ட்ராக்டர் பதிவுல ஒரு தரம், அப்போ ஜி4க்கு 30 லட்சம் வரைக்கும் எடுக்கலாம்). அவங்கதான் மெயின் கான்ட்ராக்டர்.

மண் வேலையும் கல்வெர்ட்டும் (ரோட்டுக்கு அடியில தண்ணி போற வழி) மட்டும் ஒரு தமிழருக்கு சப், அதாவது உள் கான்ட்ராக்ட். அதே லயத்துல பொறந்து வளந்தவரு, ரெண்டு எக்ஸ்கவேட்டர் சொந்தம், லோரி வாடகைக்கு எடுப்பாரு. அவரு அக்கா மகன், பாலிடெக்னிக் முடிச்ச பையன், சைட்ட பாத்துக்கிட்டான். மெயினுக்கும் இவருக்கும் நடுவுல இருந்த ஒப்பந்தம் ஒரே ஒரு பக்கம்: எந்தெந்த வேலைக்கு என்ன ரேட்டு, கீழ ரெண்டு பேரு கையெழுத்து, கம்பெனி சாப். அவ்ளோதான். ஆனா அந்த ஒரு பக்கம் இருந்ததே பின்னாடி பெரிய விஷயமா போச்சு.

ஆகஸ்ட்ல என்ன கண்டாங்க

முதல் 1,200 மீட்டர் பிரச்சினை இல்லாம போச்சு. அதுக்கு அப்புறம் ஒரு 400 மீட்டர் நீளத்துக்கு மேல்மண்ண எடுத்தா உள்ள சாம்பல் கலர்ல, நீலம் பூத்த மாதிரி களிமண்ணு, நடுநடுவுல சிப்பித் துண்டு, மக்கின கட்டை. பக்கெட்ட கவுத்தா மண்ணு விழாம ஒட்டிக்கிட்டு நிக்கும், எக்ஸ்கவேட்டர் கீழ பலகை போட்டுத்தான் நகர முடிஞ்சது. கடலோரக் களிமண்ணு, ஹிலிர் பேராக்ல நெறைய எடத்துல இதுதான். 1885ல கட்டின தெலுக் இந்தான் கோபுரம் சாஞ்சதும் அடிமண்ணு மெத்துன்னு இருக்கிறதாலதான், ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

ரோடு போடறதுக்கு இது ஆகாத மண்ணு, வெட்டி எடுத்துட்டு நல்ல மண்ணு கொட்டி இறுக்கணும். பி.கியூ.ல இதுக்குன்னு ஒரு ஐட்டம் இருந்துச்சு, அளவு 600 கன மீட்டர், பக்கத்துல "தற்காலிக அளவு"ன்னு குறிப்பு. ஆனா 400 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், சராசரி 1 மீட்டர் ஆழம்னு சும்மா பெருக்கினாலே 2,800 வருது. 600 எங்க 2,800 எங்க.

இதே சமயத்துல இன்னும் ரெண்டு மாற்றம் வந்துச்சு. லயத்துக்கு பின்னாடி ஓடுற பாரிட் (கால்வாய்) ரோட்ட தாண்டுற எடத்துல பிளான்ல ஒரு வரிசை பைப் கல்வெர்ட்தான். கம்போங்காரங்களும் லயத்துக்காரங்களும் சேந்து போயி, பைப்பு பத்தாது, தண்ணி லயத்துக்குள்ள ஏறும்னு சொன்னாங்க. திட்ட ஆபீஸ்லேர்ந்து வந்த டெக்னீஷியன் பாத்துட்டு, சரி இங்க பாக்ஸ் கல்வெர்ட்டா மாத்திடு, அங்க கம்போங் முனையில இன்னொரு வரிசை பைப்பு கூட போடுன்னு வாயால சொல்லிட்டு போயிட்டாரு. அப்புறம் தோட்டத்து அசிஸ்டன்ட் மேனேஜர் ஒரு நாள் வந்து, பழக்குலை லோரி திரும்ப கஷ்டமா இருக்கு, குலை ஏத்துற ரேம்ப் வாசல்ல கொஞ்சம் அகலமா மண்ணு தட்டி கல்லு போட்டுக் கொடுங்கன்னு கேட்டாரு. நம்மாளு வளந்த தோட்டம், முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல முடியல, போட்டுக் கொடுத்துட்டாரு.

செப்டம்பர்ல மெயின் கான்ட்ராக்டர் ஆபீஸ்ல கிளைம் வைக்கும்போது மூணையும் ஒண்ணா கூட்டி "கூடுதல் வேலை"ன்னு ஒரே வரியில எழுதினாங்க, அது அப்படியே திரும்பி வந்துருச்சு. காரணமும் ஒரே வரிதான், எழுத்துல உத்தரவு இல்ல. அன்னைக்கு சாயங்காலம்தான் அந்த பையன் எனக்கு போன் பண்ணான். "அண்ணே, மாமா டீசலுக்கே அத்தை நகைய பஜாக் கடையில வெச்சிருக்காரு, இந்த காசு வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க"ன்னான்.

மூணையும் பிரிச்சது

நான் போயி மொதல்ல பண்ண சொன்னது, அந்த ஒரு வரிய மூணா உடைக்கிறது. ஏன்னா வெளிய இருந்து பாத்தா மூணும் கூடுதல் வேலைதான், ஆனா கான்ட்ராக்ட் கண்ணுக்கு மூணும் மூணு ஜாதி. இந்த கேஸ்ல எல்லாமே இந்த எடத்துலதான் தொங்குச்சு.

மண்ணு விஷயம் மாற்ற உத்தரவே இல்ல. பி.கியூ.ல தற்காலிக அளவுன்னு போட்ட ஐட்டத்த வேலை நடந்த பிறகு அளந்து, உள்ள அளவுக்கு அதே ரேட்டுல காசு கொடுக்கணும்கிறதுதான் அந்த ஃபார்மோட அமைப்பு, 600ன்னு போட்டது டெண்டர் போடறதுக்கு ஒரு கணிப்பு மட்டும். இங்க தேவை என்னன்னா எஸ்.ஓ. (அரசாங்க தரப்புல கான்ட்ராக்ட்ட மேற்பார்வை பண்ற அதிகாரி) தரப்பு ஆளு வந்து ஆமா இது ஆகாத மண்ணுன்னு பாத்து, ரெண்டு தரப்பும் சேந்து அளந்து, தாள்ல கையெழுத்து போடறது. அளக்காம மூடிட்டா அத்தோட சரி.

கல்வெர்ட் நிஜமாவே மாற்றம். பிளான்ல உள்ள டிசைன் மாறுது, புதுசா ஒண்ணு கூடுது. 24-வது பிரிவுபடி அதுக்கு எஸ்.ஓ. எழுத்துல உத்தரவு கொடுக்கணும், ஏ.பி.கே. (மலாய்ல வேலை மாற்ற உத்தரவு)ன்னு எல்லாரும் சொல்றது இதத்தான். சைட்டுக்கு வர்ற டெக்னீஷியனுக்கு அந்த அதிகாரம் எழுத்துல கொடுத்திருந்தா ஒழிய அவரு வாயால சொன்னது உத்தரவு ஆகாது. அவரு நல்ல மனுஷர், சொன்னத இல்லன்னு ஒரு நாளும் சொல்லல, ஆனா அவரோட நல்ல மனச வெச்சு ஆடிட்ல பில் பாஸ் ஆகாது.

ரேம்ப் வாசல் எதுலயும் சேராது. தோட்டத்து மேனேஜ்மென்ட் இந்த கான்ட்ராக்ட்ல ஒரு கட்சியே கிடையாது. அவங்க கேட்டு செஞ்சா அது அவங்களுக்கும் நமக்கும் உள்ள தனி வேலை, தனி விலை, தனி கடிதம். நான் இத சொன்னப்போ மிஷின்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மண்ணுல அவசரம் இருந்துச்சு. 400 மீட்டர்ல 150 மீட்டர் ஏற்கனவே வெட்டி மூடியாச்சு, சேந்து அளக்கல. மிச்சம் 250 மீட்டர்ல மறுநாள்லேர்ந்து ஒரு பக்கெட் நல்ல மண்ணு கூட அளக்காம போடக்கூடாதுன்னு முடிவாச்சு. மெயின் கம்பெனி சூப்பர்வைசருக்கு இது பிடிக்கல, லோரி நின்னா வாடகை ஓடுதேன்னாரு, அதுவும் நியாயம்தான். அதனால தினமும் காலையில டெக்னீஷியன் வர்ற நேரத்துக்கு முந்தின நாள் வெட்டின குழிய தொறந்து வெச்சு, 25 மீட்டருக்கு ஒரு எடம்னு லெவல் எடுத்து, அங்கயே தாள்ல கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் மூடறதுன்னு ஏற்பாடு பண்ணோம். அந்த 250 மீட்டர் அளவு 1,800 கன மீட்டர்னு நின்னுச்சு, ஒருத்தரும் அதுக்கு எதிரா பேசல.

மூடின 150 மீட்டர்தான் கஷ்டம். பையன்கிட்ட லோரி சிட்டு எல்லாம் இருந்துச்சு, கூட்டினா 1,400 கன மீட்டருக்கு மேல வந்துச்சு, அத அப்படியே கிளைம் பண்ணணும்னு மாமாவுக்கு ஆசை. நான் வேணாம்னேன். லோரியில ஏத்தின மண்ணு உப்பின மண்ணு, வெட்டின களிமண்ணு நெலத்துல இருந்தத விட நாலுல ஒரு பங்குக்கு மேலயும் கூட எடம் பிடிக்கும், பி.கியூ. அளக்கிறது நெலத்துல இருந்த கன அளவ. லோரி சிட்ட மட்டும் கொண்டு போனா அத வெச்சே நம்ம கணக்கு மொத்தமும் பொய்னு தள்ளிடுவாங்க. அதுக்கு பதிலா எஸ்.ஓ. தரப்ப கூப்பிட்டு அந்த 150 மீட்டர்ல அவங்க காட்டுற எடத்துல மூணு குழி தோண்டறோம்னு மெயின் லெட்டர்ஹெட்ல கடிதம் கொடுத்தோம். குழி எங்கன்னு அவங்களே சொல்லட்டும்னு விட்டதுதான் முக்கியம், நம்ம எடத்த நம்மளே தேர்ந்தெடுத்தா யாரும் நம்ப மாட்டாங்க.

மூணு குழியிலயும் மேல போட்ட செம்மண்ணுக்கும் கீழ உள்ள சாம்பல் களிமண்ணுக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி தெரிஞ்சது. ஆழம் 0.9, 1.0, 0.8. சராசரி 0.9 போட்டு 945 கன மீட்டர். மாமா வெட்டினதா சொன்ன ஆழம் 1.1 மீட்டர், அப்படின்னா 1,155 வரணும். 210 கன மீட்டர் போனது போனதுதான், ஆனா 945 உறுதியாச்சு. மொத்தம் 2,745.

கல்வெர்ட்ல வேற மாதிரி யோசிக்க வேண்டியிருந்துச்சு. ரெண்டுமே ஏ.பி.கே. இல்லாம நிக்குது. நெறைய பேரு இங்க சொல்ற அறிவுரை, எழுத்து வர்ற வரைக்கும் கைய வைக்காதேங்கிறதுதான், நானும் பொதுவா அதத்தான் சொல்வேன். ஆனா லயத்து பின்னாடி உள்ள பாக்ஸ் கல்வெர்ட்டுக்கு குழி தொறந்தாச்சு, பாரிட்ட மண்ணால மறிச்சு வெச்சிருக்கு, அக்டோபர் மழை வந்தா முப்பது குடும்பம் தண்ணியில நிக்கும். அத முடிக்கிறதுன்னு முடிவு பண்ணோம். அன்னைக்கே மெயின் பேர்ல எஸ்.ஓ.வுக்கு கடிதம்: இந்த தேதியில, இன்னார் பதவியில உள்ளவர், இந்த எடத்துல இப்படி செய்ய சொன்னார், பாதியில விட்டா வெள்ளம் ஏறும்ங்கிறதால தொடர்றோம், எழுத்துல உறுதிப்படுத்துங்க, படம் இணைச்சிருக்கோம். கம்போங் முனையில உள்ள ரெண்டாவது வரிசைய மட்டும் தொடவே இல்ல, அங்க அவசரம் கெடையாது, பழைய ரோடு அப்படியே இருக்கு.

இதுல மெயின் கான்ட்ராக்டர் ஒரு விஷயத்த தள்ளிக்கிட்டே போனாரு. மண்ணும் கல்வெர்ட்டும் சேந்து வேலைய பின்னாடி இழுக்குதுன்னு ஆகஸ்ட்லயே தெரியும். 43-வது பிரிவு, தாமதம் ஆகப்போறது தெரிஞ்ச உடனே எஸ்.ஓ.வுக்கு எழுதணும்னு சொல்லுது. அவரு நவம்பர் வரைக்கும் எழுதல. இப்பவே கடிதம் போட்டா ஆபீஸ்ல மூஞ்ச சுளிப்பாங்க, உறவு கெட்டுடும்னு நெனச்சாரு. இந்த நெனப்பு நம்ம ஊர்ல சின்ன கம்பெனிங்க கிட்ட நான் எல்லா எடத்துலயும் பாக்குறது, அதனால அவங்க படுற நஷ்டத்த பாக்கும்போது மனசு பொறுக்கல. கடிதம் சண்டை இல்ல. அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவருக்கும் மேலதிகாரி, ஆடிட் எல்லாம் உண்டு, நம்ம கடிதம் இருந்தாத்தான் அவரால நமக்கு நாள் கொடுக்க முடியும்.

அப்புறம் நடந்தது

மண்ணு காசு டிசம்பர் பேமென்ட்ல வந்துச்சு, 2,745க்கும், பி.கியூ. ரேட்டுல.

பாக்ஸ் கல்வெர்ட்டுக்கும் கம்போங் முனை பைப்புக்கும் ஏ.பி.கே. வர ஏறக்குறைய மூணு மாசம் ஆச்சு. கூடுற தொகை ஒரு வரம்ப தாண்டினா மேல உள்ள குழு பாக்கணும், அங்க வரிசையில நிக்கணும். வந்தப்போ கூடவே ஒரு கழித்தலும் வந்துச்சு: மொத்த மதிப்பு ஏறாம இருக்க 300 மீட்டர் சிமெண்ட் ஓரக் கால்வாய எடுத்துட்டாங்க. கான்ட்ராக்ட்படி அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு, கழிச்சதும் அதே பி.கியூ. ரேட்டுல சரியாத்தான் கழிச்சாங்க. ஆனா கழிச்ச எடம் தப்பு. அது அதே மெத்து மண்ணு பகுதி, அடுத்த மழை சீசன்லயே ரோட்டு ஓரம் அரிச்சு, பிரீமிக்ஸ் விளிம்பு உடைய ஆரம்பிச்சது. காச சமன் பண்ண எங்கேர்ந்து எடுக்கிறதுன்னு முடிவு பண்றப்போ சைட்ட தெரிஞ்ச ஒருத்தர்கிட்டயும் கேக்கல, கேட்டிருந்தா கோயிலுக்கு முன்னாடி மேட்டுல உள்ள கால்வாய எடுத்திருக்கலாம், அங்க தண்ணியே நிக்காது.

விலையில ஒரு சின்ன இழுபறி. பைப்பு பி.கியூ.ல இருக்கு, அதே ரேட்டு, பேச்சே இல்ல. பாக்ஸ் கல்வெர்ட் பி.கியூ.லயே கிடையாது. கான்கிரீட், கம்பி, ஃபார்ம்வொர்க்குக்கு வேற எடத்துல ரேட்டு இருந்ததால அத அடிப்படையா வெச்சு கட்டினோம், தண்ணி எறைக்கிறதுக்கு மட்டும் பம்பு வாடகை ரசீது, ஆள் நேரம் எல்லாம் காட்டி தனியா வாங்கினோம். பையன் தினமும் சைட் டைரியில பம்பு எத்தனை மணிக்கு ஓடுச்சு, எப்போ நின்னுச்சுன்னு எழுதி வெச்சிருந்தான், அது இல்லன்னா அந்த காசு இல்ல.

வேலை ஜனவரி நடுவுல முடிஞ்சது, 9 வாரம் லேட். மெயின் 10 வாரம் கேட்டாரு, 6 வாரம் கெடச்சது. நவம்பர்ல போட்ட கடிதத்துல ஆகஸ்ட் மண்ணு தாமதத்துக்கு அப்போ எழுதின ஆதாரம் ஒண்ணும் இல்ல, மழைக்கும் அப்படியே, அக்டோபர், நவம்பர்ல இந்தப் பக்கம் மழை பெய்யறது வழக்கம்தானே, வழக்கத்த மீறின மழைன்னு காட்ட ரெக்கார்டு வேணும். மிச்சம் 3 வாரத்துக்கு எல்.ஏ.டி. (லேட்டானதுக்கு நாள் கணக்குல பிடிக்கிற தொகை), ஒரு நாளைக்கு 400 வெள்ளி, 21 நாளுக்கு 8,400.

அந்த 8,400அ அப்படியே சப் தலையில கட்டினாரு மெயின். அதோட கல்வெர்ட் காச, ஆபீஸ் எனக்கு கொடுத்தாத்தான் உனக்கு தருவேன்னு சுமாரா 40,000 வெள்ளிய பிடிச்சு வெச்சாரு. இங்கதான் அந்த ஒரு பக்க ஒப்பந்தம் உதவுச்சு. சிப்பா சட்டம் (கட்டுமான வேலை காசு வாங்கறதுக்கான சட்டம்), 2012ல வந்தது, 2014 ஏப்ரல் 15 முதல் அமல்ல இருக்கு, எழுத்துல உள்ள கட்டுமான ஒப்பந்தத்துக்கு மட்டும்தான் செல்லும். வாய்ப்பேச்சா இருந்திருந்தா அந்த கதவே கெடயாது, வெறும் கோர்ட்டுதான். அந்த சட்டத்துல 35-வது பிரிவு, மேலேர்ந்து வந்தாத்தான் கீழ கொடுப்பேங்கிற நிபந்தனை செல்லாதுன்னு தெளிவா சொல்லுது. சப் சார்பா ஒரு வக்கீல் வெச்சு பேமென்ட் கிளைம் அனுப்பினோம். பதில் கொடுக்க 10 வேலை நாள், அதுக்குள்ள மெயின் பதில் கொடுத்தாரு, அதுல சொன்ன முக்கிய காரணமே ஆபீஸ் இன்னும் தரலங்கிறதுதான். அடுத்த படி அட்ஜுடிகேஷன் (கோர்ட்டுக்கு வெளிய ஒரு நடுவர் தீர்ப்பு சொல்றது), அதுக்கு போகல. ரெண்டு பேரும் ஒரே பட்டணம், ஒரே சாப்பாட்டுக் கடை, அவரோட வக்கீலும் 35-வது பிரிவ எடுத்து சொல்லிட்டாரு போல. உக்காந்து பேசி 40,000மும் மூணு தவணையா வந்துச்சு. எல்.ஏ.டி.ல மூணுல ஒரு பங்க சப் ஏத்துக்கிட்டாரு, ஒரு எக்ஸ்கவேட்டர் ரெண்டு வாரம் ஹைட்ராலிக் ரிப்பேர்ல நின்னது உண்மை, அத மறைக்க முடியாது.

ரேம்ப் வாசலுக்கு ஒரு காசும் வரல. கேட்ட அசிஸ்டன்ட் மேனேஜர் வேற தோட்டத்துக்கு மாறிப் போயிட்டாரு, புதுசா வந்தவருக்கு அப்படி ஒரு வேலை நடந்ததே தெரியாது.

இனிமே எத மாத்தணும்

டெண்டருக்கு முன்னாடி அந்த 400 மீட்டர்ல ஒரு ப்ரோப் (அடிமண்ணு எவ்ளோ மெத்துன்னு பாக்குற கம்பி) அடிச்சிருந்தாலே 600ங்கிற கணக்கு வந்திருக்காது. ஜே.கே.ஆர். ப்ரோப்போ மேக்கின்டாஷோ, ரெண்டு ஆளு கையால அடிக்கிற கருவி, பெரிய செலவு கெடயாது. அதுக்கும் முன்னாடி ஊர்ல கேட்டிருக்கலாம். வேலை முடிஞ்ச பிறகு லயத்துல உள்ள ஒரு பழைய மண்டோர்கிட்ட பேசினேன், பால்மரம் இருந்த காலத்துலேர்ந்து அங்க இருக்கிறவரு. "அந்த பீல்டு பூரா பாயா தம்பி, காலையில பெரட்டு முடிஞ்சு உள்ள போனா முட்டியளவு தண்ணி, கம்பெனி அங்க மரமே சரியா வெக்கல"ன்னாரு. அவரு கைய நீட்டி காட்டின எல்லையும் நாங்க அளந்த 400 மீட்டரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். டிசைன் பண்றவங்க சைட்டுக்கு வர்ற அன்னைக்கு இவர மாதிரி ஒரு ஆள கூட்டிட்டு நடந்தா போதும்.

மாற்ற உத்தரவுல கழிக்கிற ஐட்டத்த ஆபீஸ்ல உக்காந்து தேர்ந்தெடுக்காம சைட்ல நின்னு தேர்ந்தெடுக்கணும்னு நான் மெயின் மூலமா எழுதிக் கொடுத்தேன். உடைஞ்ச அந்த ஓரத்த டிஃபெக்ட் காலத்துல (முடிச்ச வேலையில வர்ற குறைய கான்ட்ராக்டர் சரி பண்ண வேண்டிய காலம்) கான்ட்ராக்டரையே சரி பண்ண சொன்னாங்க, கால்வாய எடுத்தது உங்க உத்தரவு, இது எங்க குறை இல்லன்னு அதே ஏ.பி.கே. நகல காட்டி மறுத்தோம், ஏத்துக்கிட்டாங்க. ஓரக் கால்வாய் இப்போ தனி வேலையா லிஸ்ட்ல இருக்கு.

மிஷின்காரர் இப்போ சப் எடுக்கும்போது ரெண்டு பக்கம் எழுதி வாங்குறாரு: மாற்றம் சொன்னா மெயின் எத்தனை நாள்ல எழுத்து கொடுக்கணும், எல்.ஏ.டி. யாரு தப்புக்கு யாரு கட்டணும், அளவு எடுக்க எஸ்.ஓ. தரப்ப கூப்பிடறது யாரு பொறுப்பு. பையன்கிட்ட கார்பன் வெச்ச புக்கு ஒண்ணு இருக்கு, சைட்ல யாரு என்ன வாயால சொன்னாலும் அங்கயே எழுதி, தேதி போட்டு, ஒரு நகல அவங்க கையில கொடுத்துட்டு, படம் எடுத்து மெயினுக்கு அனுப்பிடறான். தோட்டத்துக்காரங்க வந்து கேட்டா அவனே சிரிச்ச முகத்தோட தனி கொட்டேஷன் எழுதிக் கொடுக்கிறான், கையெழுத்து வந்த பிறகுதான் பக்கெட் எறங்குது.